கலியாண வீட்டு வாசலில் வெள்ளைப் பூ

மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கதவைச் சாத்திக்கொண்டு போனபோது சத்தமே கேட்கவில்லை. உன் அப்பாவும் அப்படித்தான். சாதாரண நாட்களில் கதவை அடித்துச் சாத்துவார். கோபம் வந்தால் மட்டும் கைக்குழந்தை தூங்கும் வீட்டில்போல மெதுவாகச் சாத்துவார். ஆகவே உன் கோபத்தின் அளவு எனக்கு விளங்கியது. பிறகு நீ இருக்கும் பிறம்ரனிலிருந்து இரண்டு தடவை தொலைபேசி எடுத்தாய். இரண்டு தடவையும் உன் சாப்பாட்டைப் பற்றியும் உன் வேலைத்தலத்து லொறிகளைப் பற்றியும் விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். தொலைபேசியில் உனக்கு எதையும் முழுதாகச் சொல்ல முடிவதில்லை. நான் ஒரு வசனத்தைத் தொடங்கி மூச்சு வாங்குவதற்குள் "ஓகே அம்மா" என்று நீ அதை முடித்துவிடுவாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது. இதை உன்னைத் தவிர வேறு யார் வாசித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. உன்னைப்போன்ற பிள்ளைகளும் என்னைப்போன்ற தாய்மாரும் இந்தக் கனடாவில், ஸ்காபரோவில் மட்டும் ஒரு பஸ் நிறைய இருக்கிறார்கள்.

நீ மேசையில் வைத்துவிட்டுப் போன விடயம் இதுதான். கலியாணத்தன்று காலை, மாப்பிள்ளை குளிக்கப் போகும் முன், பாலில் தோய்த்த அறுகம்புல்லை அவன் தலையில் வைத்து வாழ்த்துவது எங்கள் வழக்கம். அந்தப் பாலறுகைக் கணவனும் மனைவியும் சோடியாக வந்து வைப்பார்கள். கணவனை இழந்தவள், மாப்பிள்ளையைப் பெற்ற தாயாகவே இருந்தாலும், அந்த நேரம் அடுப்படிப் பக்கம், குசினியில், ஏதாவது ஒரு வேலை கண்டுபிடித்துக்கொள்வாள். உன் தலையில் முதல் பாலறுகைப் பெரியப்பாவும் பெரியம்மாவும் வைப்பார்கள் என்பது பேச்சு. நீயோ, அம்மாதான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாலறுகும் வேண்டாம் மண்டபமும் வேண்டாம், சிற்றி ஹோலில் கையெழுத்து வைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டாய். பெரியம்மா அழுதார். பெரியப்பா சுவரில் இருந்த கலண்டரை வாசித்தார். நான் தேத்தண்ணீர் போட்டேன்.

என் பதிலைக் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன்னால் வாசலில் நிற்கும் பூக்களைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாண்டிப் போகாதே. கலியாணத்துக்கு முன் நான் உனக்குச் சொல்லக்கூடியது என்று இருப்பதெல்லாம் அந்தப் பாயளவு மண்ணில் நான் விட்ட பிழைகள்தான்.

அப்பா மாசி மாதத்துப் பனியில் போனார். அந்தக் கோடையில் நாங்கள் மாடிக் குடியிருப்பை விட்டு இந்தச் சின்ன வீட்டுக்கு வந்தோம். இலைகள் கொட்டத் தொடங்கிய நாட்களில் ஒருநாள் நீ பிளாசாவிலிருந்து ஒரு பை நிறையப் பூக்கிழங்கு வாங்கி வந்தாய். நான் யன்னலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், பார்ப்பதற்கு ஏதாவது இருக்கட்டும் என்று நினைத்திருப்பாய். சிவப்பும் மஞ்சளும் விற்று முடிந்துவிட்டன, வெள்ளை மட்டும்தான் மிஞ்சியது என்று மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னாய். எனக்கு உண்மையில் அது ஆறுதலாக இருந்தது. அந்த வருடம் எனக்கு எந்த நிறம் பொருந்தும் என்பதில் எங்கள் உறவினர்கள் பெரிய ஆராய்ச்சியாளர்களாக இருந்தார்கள். கத்தரிப்பூ நிறம் கொஞ்சம் அதிகம், சாம்பல் நிறம் பரவாயில்லை, கரை இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது என்று தீர்ப்புகள் வந்துகொண்டிருந்தன. வெள்ளைப் பூ வளர்த்தால் ஒருவரும் வாய் திறக்க முடியாது என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு நாலு வருடம் சரியாகத்தான் இருந்தது.

பையைக் கொட்டியதும் எனக்குத் துணிவு வந்துவிட்டது. டபோடில் என்றும் ரியூலிப் என்றும் எழுதியிருந்தாலும் உள்ளே இருந்தது வெங்காயம். வெங்காயம் நடுவதை யாழ்ப்பாணத்தாருக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மண்ணைப் பொலபொலவென்று கொத்தி, கிழங்கின் அடியை மட்டும் பதித்து, தலை வெளியே தெரிய விட்டு, காலையும் மாலையும் தண்ணீர் விட்டால் அது தன் பாட்டில் வரும். பையிலோ கிழங்கின் உயரத்தைப்போல மூன்று மடங்கு ஆழத்தில் புதைக்கும்படி படம் போட்டிருந்தது. வெள்ளைக்காரருக்கு வெங்காயம் நடத் தெரியாது என்று முடிவுகட்டினேன். நீ விடவில்லை.

"அம்மா, எட்டு இஞ்சி ஆழம் எண்டு போட்டிருக்கு."

"எட்டு இஞ்சிக்குக் கீழை போட்டால் அது நடுகிறது இல்லைத் தம்பி, அடக்கம் செய்யிறது."

அந்தச் சொல் வாயிலிருந்து போன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. நீ பையை மடித்து உன் சட்டைப்பைக்குள் வைத்தாய். நான் என் இஷ்டத்துக்குத் தலை தெரிய நட்டு முடித்தேன். நீ ஏன் அதற்குமேல் வாதாடவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். துக்கத்தில் இருப்பவர்களோடு ஒருவரும் வாதாடுவதில்லை. அதனால் அவர்கள் பிழையாகவே எல்லாவற்றையும் நட்டு முடிக்கிறார்கள்.

ஸ்காபரோவின் கறுத்த அணில்களுக்கு அப்படி ஒரு வரவேற்பு அதற்கு முன் கிடைத்திருக்காது. நான் மண்ணைத் தோண்டி, மெதுவாக்கி, தண்ணீர் தெளித்து, உணவைக் கண்ணுக்குத் தெரியும்படி வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். ரியூலிப் முழுவதும் ஒரு கிழமையில் போனது. டபோடில் கிழங்கில் நஞ்சு உண்டு, அணில் தொடாது என்பதைப் பிற்பாடு நூலகத்தில் படித்தேன். வெங்காயம் என்ற நம்பிக்கையில் நான் ஒன்றை நறுக்கிக் குழம்பில் போடாமல் இருந்தது நீ செய்த புண்ணியம். மிஞ்சிய டபோடில்களையும் பனி விட்டுவைக்கவில்லை. மண் உறைந்தும் உருகியும் பாதிக் கிழங்குகளை வெளியே தள்ளிவிட்டது. அடுத்த சித்திரையில் மூன்றோ நான்கோ பூத்தன. பூத்த அன்றே மறுபடியும் ஸ்னோ கொட்டியது. நான் வேலைக்குப் போக வெளியே வந்தபோது அவை முகத்தை மண்ணில் குத்திக்கொண்டு கிடந்தன. முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறி, பேக்கரித் தொழிற்சாலையில் நாள் முழுவதும் பெட்டி அடுக்கிவிட்டு வந்தேன். மாலையில் அவை நிமிர்ந்து நின்றன. ஒருவரும் அவற்றை நிமிர்த்தவில்லை. பனி உருகியது, அவ்வளவுதான். நான் கைப்பையோடு வாசலில் நின்று நெடுநேரம் பார்த்தேன். அதற்குப் பெரிய அர்த்தம் எதுவும் வைக்காதே. கால் வலி வந்த பிறகுதான் உள்ளே போனேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அந்த இலையுதிர்காலத்தில் நீ இன்னொரு பை வெள்ளை டபோடிலும் மண்வெட்டியுமாக வந்து, பையில் சொன்ன ஆழத்துக்கே தோண்டினாய். நான் கிழங்குகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினேன். மறு வருடம் வாசல் முழுவதும் வெள்ளை. தபால்காரர் நின்று பார்த்துவிட்டுப் போனார். பூ முடிந்ததும் பெரியம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். பூ இருந்த இடத்தில் நீள நீளமாக இலைகள் சரிந்து கிடந்தன. முற்றத்தில் ஓர் இலை கிடந்தால் அந்த வீட்டுப் பெண்ணை வளர்த்த விதத்தில் ஏதோ கோளாறு என்று நம்பும் சனங்கள் நாங்கள். பெரியம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கத்தரிக்கோலோடு இறங்கினார். நான் குப்பைப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு மணித்தியாலத்தில் மண் மொட்டையாகிவிட்டது. விளக்குமாற்றால் கூட்டிய பிறகு பார்க்க உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் திருப்தியோடு தேத்தண்ணீர் குடித்தோம்.

அடுத்த வருடம் இலை வந்தது, ஒரு பூக்கூட வரவில்லை. பெரியம்மா பார்த்துவிட்டு உடனே காரணம் கண்டுபிடித்தார். "உது ஆண் பனை மாதிரி ஆண் கிழங்கு, பிள்ளை. பிடுங்கி எறி" என்றார். பிடுங்குவதற்கு முன் நூலகத்துக்குப் போனேன். நான் படித்தவள் என்று உன் பெரியம்மா ஊரெல்லாம் சொல்வார். பாராட்டாக அல்ல, நோய் விவரம் சொல்வதுபோலச் சொல்வார். அங்கே ஒரு தடித்த புத்தகத்தில் விடயம் தெளிவாக இருந்தது. பூ முடிந்த பிறகுதான் கிழங்கின் வேலை தொடங்குகிறது. சரிந்து கிடக்கும் அந்த இலைகள்தான் வெயிலை வாங்கி உணவாக்கிக் கீழே அனுப்புகின்றன. அடுத்த வருடத்துப் பூ அப்போதே கிழங்குக்குள் உருவாகிறது. இலையை வெட்டக்கூடாது, மடக்கிக் கட்டக்கூடாது, பின்னக்கூடாது. அது தானாக மஞ்சளாகி, கையோடு தானாகக் கழன்று வரும்வரை விட்டுவிட வேண்டும். பார்க்க வடிவாக இராது, பொறுத்துக்கொள்ளவும் என்று எழுதியிருந்தது.

இதை நான் எதற்கும் உவமையாகச் சொல்லவில்லை. உவமை சொல்லும் ஆட்களோடு நான் நிறையப் பழகியிருக்கிறேன். அவர்கள் ஒருவரும் கிழங்கு நடுவதில்லை. நான் சொல்வது கிழங்கைப் பற்றி. போன வருடம் நான் இலைகளை அப்படியே விட்டேன். ஆனி மாதம் முழுவதும் எங்கள் வாசல் ஆட்கள் குடிபோன வீட்டைப்போல இருந்தது. கோயிலுக்குப் போகும் வழியில் தெரிந்தவர்கள் காரை நிறுத்தி எனக்குச் சுகமில்லையா என்று கேட்டார்கள். பெரியம்மா வரும்போதெல்லாம் கத்தரிக்கோலை ஒளித்து வைத்தேன். இந்த வருடம் எப்படிப் பூத்திருக்கிறது என்பதை நீயே பார்த்தாய்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பெரியம்மாவும் பெரியப்பாவும் மண்டப விடயம் பேச வந்தார்கள். நீ அப்போதுதான் காரை நிறுத்திக்கொண்டிருந்தாய். பெரியம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உதென்ன பிள்ளை, கலியாண வீட்டு வாசலிலை வெள்ளையாய்? பாக்கிற ஆக்கள் செத்தவீடு எண்டெல்லோ நினைப்பினம்."

"கலியாணத்துக்கிடையிலை உது முடிஞ்சிடும் அக்கா."

"முடிஞ்சால் பிறகு அந்தக் கோரைப்புல்லெல்லோ கிடக்கப்போகுது."

அவர் சொன்னதில் தாவரவியல் பிழை ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சிவப்புப் பூச்சட்டிகள் வாங்கி வைக்கலாம் என்றார். எனக்கு அனுமதிக்கப்பட்ட நிறம் எனக்கு மட்டும்தான் அனுமதிக்கப்பட்டது, என் வாசலுக்கு அல்ல என்பது அப்போதுதான் விளங்கியது. சொன்னால் நம்ப மாட்டாய்: குசினிக்குள் என்னை அனுப்பும் பேச்சு என்னைச் சுடவில்லை. அது எனக்குப் பழகிய பேச்சு. பூவைச் சொன்னதுதான் சுட்டது. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே போனதும் நீ பாலறுகு விடயத்தை எடுத்துவிட்டாய்.

இந்த நாலு வருடக் கலியாணங்களில் என்னை ஒருவரும் பின்னுக்குப் போ என்று சொன்னதில்லை. நாங்கள் நாகரிகமான சனங்கள். முன்வரிசைக் கதிரையில் கைப்பையை வைத்துவிட்டு "இதிலை ஆள் வருகினம்" என்பார்கள். நானும் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவேன். அங்கிருந்து பார்த்தால் கலியாணம் முழுவதும் நன்றாகத் தெரியும். ஃபயர் அலாரம் அடித்துவிடும் என்று மண்டபக்காரர் பயந்ததால் அக்கினி பகவான் ஓர் அலுமினியத் தட்டில் மெழுகுதிரி அளவுக்கு எழுந்தருளுவதைப் பார்த்திருக்கிறேன். மண்டபம் மாலை நாலு மணிக்குப் பூட்டப்படும் என்பதால் சுபமுகூர்த்தம் முன்னால் நகர்ந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். அறுகம்புல் என்ற பெயரில் பிளாசாவின் பின்பக்கத்துப் புல் பாலில் தோய்வதையும் பார்த்திருக்கிறேன். ஒரு கலியாணத்தில் தாலி கட்டும்போது வீடியோக்காரரின் கமராவை யாரோ மறைத்துவிட்டார்கள். இன்னொருதரம் கட்டச் சொன்னார். மாப்பிள்ளை கட்டினார், ஐயரும் முகம் மாறாமல் மந்திரத்தை மறுபடி சொன்னார். நான் யாரையும் குறை சொல்லவில்லை. வந்த இடத்தில் பிழைக்க வேண்டும் என்று சாத்திரத்துக்கும் தெரியும். அலாரத்துக்கும் வாடகைக்கும் வீடியோவுக்கும் வளைந்து கொடுத்த அந்தச் சாத்திரம், என் இடம் வந்தால் மட்டும் நாரி வலி வந்ததுபோல இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றுவிடுகிறது. அதற்கும் வயதாகிவிட்டது போலும்.

ஆனால் பெரியம்மாவைப் பற்றி உனக்குத் தெரியாததை நான் சொல்ல வேண்டும். அப்பாவின் செத்தவீட்டன்று நீ ஆண்களோடு வெளியில் நின்றாய். உள்ளே சில பெண்கள் என் பொட்டை அழிக்கவும் தாலியைக் கழற்றவும் ஒரு கூட்டமாக வந்தார்கள். பெரியம்மா எனக்கு முன்னால் வந்து நின்று, "உதெல்லாம் இஞ்சை வேண்டாம். அவள் தானாய்க் கழட்டேக்கை கழட்டட்டும்" என்றார். அவரைவிட மூத்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஒருவரும் கிட்ட வரவில்லை. முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடியும்வரை எங்கள் மாடி வீட்டில், என் கட்டிலுக்குப் பக்கத்தில், நிலத்தில் படுத்தார். பிள்ளை இல்லாத அவர் உன் பாலறுகுக்காக எத்தனை காலமாகக் காத்திருக்கிறார் என்பதும் உனக்குத் தெரியாது. அதற்கென்று எடுத்த சேலை உன் படிப்பு முடியும் முன்பே அலுமாரியில் இருக்கிறது. செத்தவீட்டில் துணிந்த மனுசி கலியாண வீட்டில் ஏன் பயப்படுகிறார் என்று நான் யோசித்தேன். விளங்கவில்லை. அதனால் நேற்று அஜின்கோர்ட்டில் இருக்கும் அவர் வீட்டுக்குப் பஸ் ஏறிப் போனேன்.

முடிவோடு போகவில்லை. வாசலில் வெட்டிய ஒரு கைப்பிடி டபோடிலை மட்டும் பேப்பரில் சுற்றிக் கொண்டுபோனேன். பெரியம்மா அதை வாங்கி, ஒரு செம்பில் தண்ணீர் விட்டு, சாமியறையில் பிள்ளையாருக்கு முன் வைத்தார். சாமிக்கு வெள்ளை ஆகும். பிறகு குசினியில் போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினார். நான் பின்னால் நின்று கேட்டேன்.

"சொல்லுங்கோ அக்கா. நான் வைச்சால் அவனுக்கு என்ன நடக்கும்?"

அவர் திரும்பாமலே கழுவிக்கொண்டிருந்தார். "ஒண்டும் நடக்காது" என்றார்.

"அப்ப?"

"அவனுக்கு ஒண்டும் நடக்காது பிள்ளை. எனக்கும் தெரியும். ஆனால் நாளைக்கு அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும், ஸ்னோவிலை கார் சறுக்கினாலும், ஊர் சொல்ல முந்தி நீ உன்னைச் சொல்லுவாய். நீ சிரிச்சுக்கொண்டு கதைக்கிறனீ. உள்ளுக்குப் போட்டு வேகிறனீ. எனக்கு உன்னைத் தெரியும்."

அவரே தொடர்ந்தார். பிறந்த பிள்ளையைப் பார்க்கப் போனால் தன் கையில் தர யோசிக்கும் வீடுகள் இருந்தன என்றார். ஆனால் பாதி வீடுகளில் ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லையாம். தானாகவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாராம். "அதுதான் கூட நாள் நோகும்" என்றார். நாங்கள் இவ்வளவு வருடப் பழக்கத்தில் இதைப் பேசியதே இல்லை. தண்ணீர்க் குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. நான் போய்ப் பூட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"படிச்சனீதானே. உதுக்கு உன்ரை புத்தகத்திலை ஒண்டும் எழுதேல்லையோ?"

"கிழங்குக்கு மட்டும்தான் எழுதியிருக்கு அக்கா."

சிரித்தார். சிரிப்பு நிற்கும்போது கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். பிறகு சோறு போட்டார். பெரியப்பாவைக் கூப்பிட்டு மூன்று பேருமாகச் சாப்பிட்டோம். பாலறுகைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு நிற்கும்போது வாசலுக்கு வந்து, "என்ன சீலை உடுக்கப்போறாய்?" என்று கேட்டார். இன்னும் யோசிக்கவில்லை என்றேன். "வெள்ளையிலை வந்து நிண்டியெண்டால் நானே பிடிச்சு வெளியிலை விடுவன்" என்றார்.

மகனே, நீ எனக்காகக் கதைத்ததில் எனக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் அது பொய். பஸ்ஸில் வரும்போது அதை நினைத்து நினைத்து வந்தேன். ஆனால் ஒன்றைக் கவனி. நான் எங்கே நிற்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னீர்கள். அவர்கள் குசினியைக் காட்டினார்கள், நீ உன் பக்கத்தைக் காட்டினாய். உன் இடம் நல்ல இடம்தான். ஆனால் நிற்க விருப்பமா என்று நீயும் கேட்கவில்லை. அம்மா வைக்காவிட்டால் கலியாணமே மண்டபத்தில் இல்லை என்று சொன்னபோது, எனக்கு மாட்டேன் என்று சொல்லும் வழியையும் நீ அடைத்துவிட்டாய். வரப்போகிறவளிடம் இந்தப் பழக்கத்தைக் கொண்டுபோகாதே. அவளுக்கு நல்லது என்று உனக்கு நிச்சயமாகத் தெரிந்தாலும் கேள். நல்லது செய்பவர்கள்தான் கேட்க மறந்துபோகிறார்கள். கெட்டது செய்பவர்கள் எப்படியும் ஒரு மரியாதைக்குக் கேட்டுவிடுவார்கள். சிற்றி ஹோல் பேச்சையும் விடு. பெண்ணைப் பெற்றவர்களுக்கு அது எங்கள் வீட்டுச் சண்டை என்று தெரியாது. தங்கள் பிள்ளையில் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்வார்கள்.

இப்போது பதில். நான் வைக்கிறேன். முதலாவதாக வைக்கிறேன். எனக்கு அடுத்ததாகப் பெரியப்பாவும் பெரியம்மாவும் வைப்பார்கள். அவர்களுக்கும் நீ எனக்குக் குனிந்த அதே அளவுக்குக் குனிய வேண்டும். ஓர் அங்குலம் குறைந்தாலும் நான் கவனிப்பேன். பெரியம்மாவுக்கு நீயே தொலைபேசி எடு. மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, கேட்டால் அழுவார். என்ன சமையல் என்று கேள், போதும்.

வேறு ஒன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நான் புத்தகம் வாசிக்கிறவள், எதையும் பகிடியாகச் சொல்கிறவள், எனக்கு இந்த நம்பிக்கையெல்லாம் இல்லை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா அந்தக் குசினியில் சொன்னது உண்மை. எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தக் கை பட்டதால் உனக்கு ஏதும் வந்துவிடுமோ என்று, அது மடத்தனம் என்று தெரிந்துகொண்டே, பயப்படுகிறேன். கலியாணம் முடிந்து எத்தனை வருடமானாலும் நீ காரோட்டி வரத் தாமதமாகும் ஒவ்வொரு பனிநாளிலும் பயப்படுவேன். அந்தப் பயம் போன பிறகு வைக்கலாம் என்று இருந்தால் நான் ஒருநாளும் வைக்கமாட்டேன். ஆகவே பயத்தோடுதான் வைக்கப்போகிறேன். உன் தலையில் என் கை நடுங்கினால் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்காதே. இன்னும் கொஞ்சம் குனிந்துகொள்.

அம்மா